கல்லிடைக்குறிச்சி அப்பள லைனில் சிக்கலை எண்ணிப் பார்த்தோம்

"செயினைக் குறைச்சுக் குடுங்க தம்பி. மிஷினு ரொம்பச் சிக்கலாக் கெடக்கு." கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவர் எங்களுக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான். திருநெல்வேலி பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறை வைத்து மெஷின் வடிவமைக்கிற எங்களுக்கு இப்படித்தான் வேலை வரும். வரைபடமும் வராது, அளவுப் பட்டியலும் வராது. ஒரு புலம்பல் வரும். அதிலிருந்து தேவையை நாமே பிரித்தெடுக்க வேண்டும்.

அவருடைய லைன், அதாவது மாவில் தொடங்கி அப்பளத்தில் முடியும் மெஷின் வரிசை, வெளியூரில் வாங்கியது. யாரிடம் வாங்கினார் என்பது இங்கே தேவையில்லை. பிசைந்த உளுந்து மாவு ஒரு பக்கம் போகும். இரண்டு ஜோடி ரோலர் அதைத் தகடாக இழுக்கும். கட்டர் வட்டம் வட்டமாக வெட்டும். வட்டங்கள் உலர்த்திக்குள் போகும், சல்லடை மாதிரி மிஞ்சும் மாவு திரும்பப் பிசையும் தொட்டிக்கு வரும். ரோலர், கட்டர், பெல்ட், உலர்த்தி எல்லாவற்றையும் ஒரே மோட்டார் செயின் போட்டு இழுக்கிறது. வாங்கும்போது 'ஒரே மோட்டார், கரண்டு மிச்சம், பழுது கம்மி' என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் ஓட்டுகிறவர் காலையில் சரிசெய்து வைத்தால் மதியத்துக்குள் கெட்டுவிடுகிறது. ஒரு நாள் அப்பளம் நீள்வட்டமாக வருகிறது, ஒரு நாள் ஓரம் சுருள்கிறது, ஒரு நாள் தகடு கிழிகிறது.

செயினைக் குறைத்தால் இது தீருமா? தீராது என்று எனக்குப் பட்டது. ஏன் தீராது என்று அண்ணாச்சிக்கு விளக்கப் போய்த்தான், சிக்கல் என்று எதைச் சொல்கிறோம் என்று ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டி வந்தது.

உதிரிபாகங்களை எண்ணுவது எல்லோருக்கும் எளிதாக வரும் அளவு. அது வீண் அளவு என்று சொல்ல மாட்டேன். ஸ்பேர் வாங்குகிறவருக்கும் கோர்க்கிறவருக்கும் அது முக்கியம். ஒரு பாகம் தனியாக இருந்தே ஆக வேண்டுமா என்று சோதிக்க, கோர்க்க எளிதான வடிவமைப்பைப் பற்றி எழுதிய பூத்ராய்டும் டியூஹர்ஸ்டும் மூன்று கேள்வி கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பாகத்தைவிட்டுத் தனியே அசைய வேண்டுமா? வேறு உலோகமோ பொருளோ ஆக வேண்டுமா? சேர்த்து வைத்தால் கோர்க்கவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். இதை வைத்துத் தேவையில்லாத பிராக்கெட் சிலவற்றைக் கழற்றி எறிந்தோம். அண்ணாச்சிக்கு சந்தோஷம். அப்பளம் மட்டும் பழையபடி நீள்வட்டமாகவே வந்தது.

அடுத்து உறவுகளை எண்ணினோம். லைனில் ஆறு பகுதி என்று வைத்துக்கொண்டால் (பிசைதல், ரோலர், கட்டர், மிச்ச மாவு திரும்புவது, உலர்த்தி, பேக்கிங்) இரண்டிரண்டாக 15 ஜோடி. பத்துப் பகுதி என்றால் 45. இருபது என்றால் 190. பாகம் இரட்டித்தால் உறவு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. எல்லா ஜோடிக்கும் நிஜத்தில் உறவு இருக்காது. எதற்கு இருக்கிறது என்று குறிக்கத்தான் கட்டம் போடுவது. பகுதிகளின் பெயரை மேலே ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுத வேண்டும். ஒன்று இன்னொன்றைப் பாதித்தால் அந்தக் கட்டத்தில் புள்ளி. டொனால்ட் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் 1981இல் எழுதிய முறை இது. மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் விழும் புள்ளிகள் முன்னோக்கிப் போகிறவை. அவற்றால் பெரிய தொல்லை இல்லை. மறுபக்கம் விழுகிறவை பின்னோக்கி வருகிறவை. அந்தப் பக்கத்தைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

எங்கள் கட்டத்தில் அந்தப் பக்கம் விழுந்தவற்றில் ஒன்று கட்டரிலிருந்து பிசையும் தொட்டிக்கு. மிச்ச மாவு. இதை யாருமே லைனின் பாகமாக நினைத்திருக்கவில்லை. ஒரு நீல பிளாஸ்டிக் டப், அவ்வளவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டங்களை நேர் வரிசையில் வெட்டினால், ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருக்கி வெட்டினாலும், தகட்டில் 78.5 சதவீதம்தான் அப்பளமாகும். மிச்சம் 21.5 சதவீதம் திரும்பித்தான் ஆக வேண்டும். நடுவில் விடும் இடைவெளி, இரண்டு ஓரம் எல்லாம் சேர்ந்தால் கால்வாசிக்கு மேல் போகும். இப்படித் திரும்பும் மாவு காற்றுப் பட்டுக் கொஞ்சம் காய்ந்திருக்கும், ஒட்டாமல் இருக்கத் தூவிய மாவும் அதன்மேல் ஏறியிருக்கும். ஓட்டுகிற பையன் அதை டப்பில் சேர்த்து வைத்து, டப் நிறைந்ததும் மொத்தமாகத் தொட்டியில் கொட்டுவான். மதியத்தில் மாவு விறைத்துப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

அந்தப் பட்டறையில் மாவு உருண்டை பிடிக்கும் அக்கா ஒருவர் இதை எங்களுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு விள்ளல் எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி, மெதுவாக விரலைப் பிரிப்பார். மாவு எவ்வளவு இழுபட்டுப் பிறகு அறுகிறது என்று பார்ப்பார். "இது இன்னிக்கு மாவு இல்ல தம்பி, இதுல நேத்து மாவு கெடக்கு" என்றார் ஒரு தடவை. காலையில் முதல் தொட்டி. முந்தின நாள் மிஞ்சியதை அதில் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது கட்டம் இன்னும் உபயோகமாக இருந்தது. பக்கவாட்டில் நமக்கு என்ன வேண்டும்: கனம் (தடிமன்), வட்டம், ஈரம், ஒட்டாமை, மணிக்கு எவ்வளவு. மேலே நம் கையில் என்ன இருக்கிறது: தண்ணீர், ரோலர் இடைவெளி, லைன் வேகம், உலர்த்தியின் சூடு, தூவும் மாவு. எதைத் திருகினால் எது மாறும் என்று புள்ளி வைத்தோம். ஒவ்வொரு தேவைக்கும் ஒரே ஒரு திருகு இருந்தால் சொர்க்கம். எங்களுக்கு ஈரம் என்ற ஒற்றை வரிசையிலேயே நாலு புள்ளி விழுந்தது. தண்ணீர் என்ற பத்தியில் நாலு. ஈரத்தைக் குறைக்க வேகத்தைக் குறைத்தால் உற்பத்தி படுத்துவிடும், சூட்டைக் கூட்டினால் ஓரம் சுருளும், தண்ணீரைக் குறைத்தால் தகடு கிழியும். ஓட்டுகிறவர் ஒன்றைத் திருகி, அது கெடுத்ததைச் சரிசெய்ய இன்னொன்றைத் திருகி, சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டே இருப்பார். அண்ணாச்சி 'சிக்கல்' என்றது இதைத்தான். கண்ணுக்குத் தெரிந்தது செயின் என்பதால் பழி அதன்மேல் விழுந்துவிட்டது.

அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருந்த நாம் சூ இந்த இரண்டாவது கட்டத்தை மையமாக வைத்தே வடிவமைப்பைப் பற்றி எழுதியவர். சிக்கலுக்கு அவர் தரும் வரையறை எனக்கு வேலைக்கு ஆகிறது. கேட்டதை, கேட்ட வரம்புக்குள் செய்து முடிப்போமா என்பதில் உள்ள நிச்சயமின்மைதான் சிக்கல் என்கிறார். பாகம் எத்தனை என்ற பேச்சே அதில் இல்லை. ஐந்து தேவை, ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 தடவை சரியாக வரும், ஒன்றையொன்று பாதிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 0.95ஐ ஐந்து முறை பெருக்கினால், ஐந்தும் ஒருசேரச் சரியாக வருவது 77 தடவைதான். பத்துத் தேவை என்றால் 60. ஒன்றையொன்று கெடுக்கிற தேவைகள் என்றால் இந்தப் பெருக்கலைக்கூட நம்ப முடியாது.

இந்த வரையறையில் ஒரு வசதி உண்டு. வரம்பை மாற்றினால், மெஷினைத் தொடாமலேயே சிக்கல் மாறும். வட்டம் எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "வட்டம்னா வட்டந்தான் தம்பி, அதுல என்ன கேள்வி" என்றார். கிளறிப் பார்த்தால் விஷயம் வேறு. அப்பளம் போடும் பிளாஸ்டிக் கவர் இறுக்கமான அளவு, கொஞ்சம் நீண்ட அப்பளம் உள்ளே நுழையாமல் ஓரம் உடைகிறது. சாப்பிடுகிறவர் யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. கவரை அரை சென்டிமீட்டர் பெரிதாக வாங்கச் சொன்னோம். ஒரு தேவை அப்படியே இளகிவிட்டது. கனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பக்கம் தடித்தால் எண்ணெயில் அந்தப் பக்கம் பொரியாது, அதை வாங்குகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எந்த வரம்பு வாடிக்கையாளருடையது, எது கவர்க்காரருடையது, எது வெறும் பழக்கம் என்று பிரிப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. வரைபலகைக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே செய்துவிடலாம்.

சரி, நீள்வட்டம் எங்கிருந்து வந்தது? முதல் ஜோடி ரோலரின் இடைவெளி 2 மில்லிமீட்டர், இரண்டாவது ஜோடியில் 1 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். தகட்டின் அகலம் மாறவில்லை என்றால், இரண்டாவது ஜோடி இரட்டை வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்கேற்ற பல்சக்கரம் போட்டிருந்தார்கள், கணக்கு சரி. ஆனால் மெலிதாக வேண்டும் என்று இரண்டாவது இடைவெளியை 0.8 ஆக்கினால் இப்போது இரண்டரை மடங்கு வேகம் வேண்டும். செயினோ இரண்டு மடங்கிலேயே நிற்கிறது. வருகிற மாவில் ஐந்தில் ஒரு பங்கு இரு ஜோடிக்கும் நடுவில் மடிந்து குவியும். சரி என்று 1.1 ஆகத் திறந்தால் இரண்டாவது ஜோடி வருவதைவிட அதிகம் கேட்கும், தகட்டைப் பிடித்து இழுக்கும். இழுபட்ட தகட்டைக் கட்டர் அழகான வட்டமாகத்தான் வெட்டுகிறது. வெட்டி விட்டதும் மாவு இழுபட்ட திசையில் சுருங்கிக்கொள்கிறது. பெல்ட்டில் கொஞ்ச தூரம் போவதற்குள் வட்டம் நீள்வட்டமாகிவிடும். கட்டரைச் சாணை பிடித்துப் பிடித்து அலுத்துப்போயிருந்த பிட்டர் அண்ணனுக்கு இதை ஸ்கேலால் அளந்து காட்டியபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆக, கனம் என்ற ஒரு திருகு வட்டத்தையும் கெடுத்தது, காரணம் ஒரே மோட்டார். பாகத்தைக் குறைத்து உறவைக் கூட்டியிருந்தார்கள். நாங்கள் நேர் எதிராகச் செய்தோம். இரண்டாவது ரோலருக்குத் தனி மோட்டார், உலர்த்திக்குத் தனி மோட்டார், இரண்டுக்கும் வேகத்தை மாற்றும் டிரைவ். ரோலர் ஜோடிகளுக்கு நடுவில் தகடு லேசாகத் தொய்ந்து போகட்டும் என்று விட்டு, தொய்வைப் பார்க்க ஒரு போட்டோ சென்சார். தொய்வு கூடினால் இரண்டாவது ரோலர் வேகம் பிடிக்கும், குறைந்தால் மெதுவாகும். வட்டங்கள் உலர்த்திக்குப் போகும்போது நான்கு விரல் இடைவெளி இருந்தது. அவை தொட்டுக்கொள்ளும் வரை உலர்த்தி பெல்ட்டை மெதுவாக்கிக்கொள்ளலாம். எங்களுக்குக் கிடைத்த மூச்சு அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

"குறைக்கச் சொன்னேன், கூட்டிட்டியளே" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குக் கட்டத்தைக் காட்டிப் புரியவைக்க முடியவில்லை, தாமிரபரணிதான் கைகொடுத்தது. ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று 8 அணைக்கட்டு, 11 கால்வாய். பாகங்களை எண்ணினால் தலை சுற்றும். ஆனால் கன்னடியன் கால்வாய்க்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது சுத்தமல்லியைப் பாதிக்கும், சுத்தமல்லியில் எடுப்பது கன்னடியனைப் பாதிக்காது. சண்டை வேண்டுமானால் கீழிருந்து மேலே போகும், தண்ணீர் போகாது. அதனால் மேலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகத் தீர்மானித்துக்கொண்டே வரலாம், திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கட்டத்தில் இதை வரைந்தால் புள்ளியெல்லாம் மூலைவிட்டத்துக்கு ஒரே பக்கம் நிற்கும். சூவின் கணக்கில் இது ஏற்கத்தக்க வடிவமைப்பு, ஒரே நிபந்தனை: வரிசை தப்பக்கூடாது. எங்கள் லைனையும் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தினோம். முதலில் தண்ணீர், அப்புறம் இடைவெளி, தொய்வு தானாகப் பார்த்துக்கொள்ளும், கடைசியில் உலர்த்தி. அந்த வரிசையைத் தமிழில் பெரிதாக எழுதி, டிரைவ் இருக்கும் கரண்டு பேனல் கதவில் ஒட்டினோம். அண்ணாச்சிக்குக் கன்னடியன் கால்வாயில் வயல் உண்டு, பாதிப் பேச்சிலேயே பிடித்துக்கொண்டார்.

மிச்ச மாவுக்கு மெஷின் எதுவும் செய்யவில்லை. நாளாக நாளாகச் சேர்ந்துகொண்டே போகும் நிச்சயமின்மை ஒரு வகை, குறிப்பிட்ட இடைவெளியில் சுழியத்துக்குத் திரும்புவது இன்னொரு வகை என்று சூ பிரிப்பார். முதல் வகையை இரண்டாவதாக மாற்று என்பது அவர் யோசனை. நேற்றைய மாவு இன்றைய மாவிலும், இன்றையது நாளையதிலும் கலந்துகொண்டே போனால், எந்த மாவில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரத்துக்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு தொட்டியிலும் அளந்து ஒரே விகிதத்தில்தான் மிச்சம் சேரும், ராத்திரி டப் காலியாக இருக்க வேண்டும் என்று வைத்தோம். அன்றைக்கு மிஞ்சியதைக் கையால் தேய்த்து உடைந்த அப்பளத்தோடு தனியாக விற்கிறார்கள். ஒரு வரிசை வட்டங்களின் இடுக்கில் அடுத்த வரிசையை நுழைத்து வெட்டும் டை (வெட்டும் அச்சு) போட்டால் மிச்சமே குறையும், அகலம் நிறைய வரிசை இருந்தால் மிச்சம் பத்து சதவீதத்தை நெருங்கும் என்று பிட்டர் அண்ணன் சொன்னார். உண்மைதான். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது, அதனால் தள்ளிவைத்தோம்.

பிசையும் தொட்டிக்கும் ரோலருக்கும் நடுவில் மாவு கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க ஒரு தட்டு வைத்தது இன்னொரு சின்ன வேலை. பக்குவமும் ஆகிறது, ஒரு தொட்டி சொதப்பினால் லைன் நிற்பதற்குள் அடுத்த தொட்டி தயாராகிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹெர்பர்ட் சைமன் 1962இல் இரண்டு கடிகாரக்காரர்களை வைத்துக் காட்டியது இதைத்தான். இருவர் கடிகாரத்திலும் ஆயிரம் பாகம். ஒருவர் பத்துப் பத்தாக உறுதியான கொத்துகள் செய்து அவற்றைச் சேர்க்கிறார், இன்னொருவர் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் கோர்க்கிறார். யாராவது கூப்பிட்டு வேலை நின்றால் முதலாமவருக்கு ஒரு கொத்து வீண், இரண்டாமவருக்கு முழுக் கடிகாரமும் உதிர்ந்துபோகும். நூறு பாகத்துக்கு ஒரு முறை இடையூறு வந்தாலே இரண்டாமவருக்கு ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு நேரம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. கரண்டு போகும் ஊரில் மெஷின் செய்கிறவர்கள் இதைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

இதனால் எல்லாம் எளிதாகிவிட்டது என்று சொன்னால் பொய். சிக்கலில் ஒரு பகுதி பேனலுக்குள் குடிபோயிருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் டிரைவ் டிரிப் ஆகிறது. உளுந்து மாவுத் தூசி எங்கும் நுழையும் என்பதால் பேனலை அடைத்து மூடி, காற்று வரும் வழிக்குப் பில்டர் போட வேண்டியிருந்தது, அதை வாரா வாரம் தட்ட வேண்டும். முன்பு பிட்டர் ஒருவரே பார்த்த லைனுக்கு இப்போது எலக்ட்ரீசியனும் வேண்டும். ஓட்டுகிறவருக்கு எளிது, பராமரிக்கிறவருக்குக் கூடுதல். சிக்கல் கூடியதா குறைந்ததா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். எங்கள் குறிப்பேட்டில் இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ஓட்டுகிறவர், பிட்டர், வாங்குகிறவர் என்று மூன்று பத்தி போட்டு, யாருக்குச் சுமை ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது என்று குறிக்கிறோம்.

ஆனி ஆடியில் மலையடிவாரத்தில் சாரல் காற்று வந்துவிட்டால் உலர்த்தி இன்னும் தடுமாறத்தான் செய்கிறது. உள்ளே இழுக்கும் காற்றே ஈரம், சூட்டை மட்டும் கூட்டி அதைச் சமாளிக்க முடியாது. அந்த நாட்களில் விள்ளல் எடுத்து விரலில் பார்க்கும் அக்காதான் தண்ணீரை இறக்கி லைனைக் காப்பாற்றுகிறார். அவர் இடத்தில் ஈரம் அளக்கும் சென்சார் வைக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார், வேண்டாம் என்றேன். எத்தனை விதமாக இடைஞ்சல் வருகிறதோ, சமாளிக்கிறவரிடமும் அத்தனை விதமான பதில் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு முறைகளை ஆராய்ந்த ஆஷ்பி 1956லேயே சொல்லிவிட்டார். உளுந்து மாறுவது, அரைப்பு மாறுவது, காற்று மாறுவது எல்லாவற்றுக்கும் அந்த விரல்களில் பதில் இருக்கிறது. சென்சார் ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள், ஒரு சின்னப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குங்கள் என்றேன். இரண்டாவதைச் செய்துவிட்டார்.

இப்போது அண்ணாச்சி அதே லைனில் சின்ன அப்பளமும், மிளகு போட்டதும் கேட்கிறார். சின்ன அப்பளத்துக்கு டை மட்டும் மாறும் என்று அவர் நினைக்கிறார். கட்டத்தில் வைத்துப் பார்த்தால் மிச்ச மாவின் விகிதம் மாறுகிறது, உலர்த்தியில் இருக்க வேண்டிய நேரம் மாறுகிறது, கவர் மாறுகிறது. மிளகு போட்டதுக்கு டை மாற வேண்டாம், ஆனால் அந்த மிச்சத்தைச் சாதா மாவில் சேர்க்க முடியாது, தனி டப், இடையில் ரோலரைத் துடைக்கும் நேரம். புதுப் புள்ளிகளைச் சிவப்பு மையில் வைத்து, கொட்டேஷனோடு கட்டத்தையும் பின் பண்ணி அனுப்பியிருக்கிறேன். டைக்கு ஒரு விலை, சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் தீர்க்க ஒரு விலை. மிளகு அப்பளத்தின் விலையைப் பார்த்துவிட்டு, "டை கூட மாத்தலியே, பெறகு ஏன் இதுக்கு ஜாஸ்தி?" என்று போன் செய்தார். சிவப்பை எண்ணிப் பாருங்கள் அண்ணாச்சி என்றேன். எண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்திருக்கிறார்.